பெட்டி ஒன்று, மாவு எத்தனை கப்?

கேள்வி: பேரனின் முதல் பிறந்தநாளுக்காகத் திருநெல்வேலியிலிருந்து நியூஜெர்சி மாநிலத்தின் எடிசனுக்கு வந்திருக்கிறேன். எண்பது பேரை அழைத்திருக்கிறார்கள். கேக்கை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். 12 அங்குல வட்ட டின் இரண்டும் 8 அங்குல வட்ட டின் இரண்டும் வாங்கி வைத்திருக்கிறாள். எல்லாமே 2 அங்குல உயரம். இரண்டு 8 அங்குல டின்னுக்கு ஒரு பெட்டி கேக் மிக்ஸ் போதும் என்று பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கிறது. 12 அங்குல டின்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. போன வாரம் ஒத்திகையாக இரண்டு பெட்டியைக் கரைத்து இரண்டு 12 அங்குல டின்னில் ஊற்றிப் பார்த்தோம். கேக் அடை போலத் தட்டையாக வந்தது. எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?
— ஒரு வாசகி, எடிசன்

பதில்: முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வீடுகளில் அரைத்த உலர் மாவும் மாவுதான், கரைத்த தோசை மாவும் மாவுதான். இந்தப் பகுதியில் பெட்டிக்குள் இருக்கும் தூளை ‘மிக்ஸ்’ என்றும், அதில் முட்டை, எண்ணெய், தண்ணீர் சேர்த்து அடித்ததை ‘மாவு’ என்றும் எழுதுகிறேன். உங்கள் கேள்வியின் சிக்கலும் ஏறக்குறைய இங்கேதான் இருக்கிறது. கடையில் நாம் வாங்குவது மிக்ஸ். டின்னில் ஊற்றுவது மாவு. இரண்டுக்கும் நடுவே உள்ள கணக்கைப் பெட்டி சொல்வதில்லை.

உங்கள் மகள் கணக்கில் பெரிய தவறு எதுவும் செய்யவில்லை. வட்ட டின்களை ஒப்பிடும்போது விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கிப் பார்த்தால் போதும். எட்டெட்டு 64, பன்னிரண்டு பன்னிரண்டு 144. ஆக, 8 அங்குல டின்னைக் காட்டிலும் 12 அங்குல டின் இரண்டேகால் மடங்கு பெரியது. பார்வைக்கு ஒன்றரை மடங்கு போலத் தோன்றுவதால் பலரும் ஏமாந்துபோவது இங்கேதான். அந்தக் கணக்குப்படி இரண்டு 12 அங்குல டின்னுக்கு இரண்டேகால் பெட்டி வேண்டும். நீங்கள் இரண்டு பெட்டி ஊற்றியிருக்கிறீர்கள். கால் பெட்டி குறைந்ததால் மட்டும் கேக் அடையாகிவிடாது.

பெட்டியின் பின்புறம் சொல்கிற 8 அங்குல கேக்கே மெல்லிய கேக் என்பதுதான் உண்மையான காரணம். இன்று அமெரிக்கக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 15.25 அவுன்ஸ், அதாவது 432 கிராம் பெட்டியைக் கரைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 4¼ முதல் 4½ கப் மாவு. அதை இரண்டு 8 அங்குல டின்னில் பிரித்து ஊற்றினால் ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவு நிற்காது. வீட்டில் காப்பியோடு சாப்பிட அது போதும். ஆனால், பேக்கரியில் பார்க்கும் அடுக்குக் கேக்கில் ஒவ்வோர் அடுக்கும் டின்னின் விளிம்புயரத்துக்கு, அதாவது இரண்டு அங்குலத்துக்கு நிற்க வேண்டும்; அதற்கு டின் பாதியாவது நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் ஒத்திகையில் 12 அங்குல டின் கால் பங்குக்குச் சற்று மேல்தான் நிரம்பியிருக்கும். மெல்லிய கேக்கை அளவுகோலாக வைத்துப் பெருக்கினால் பெரிய மெல்லிய கேக்தான் கிடைக்கும்.

ஆகவே, பெட்டியை விட்டுவிட்டு டின்னிலிருந்து தொடங்குங்கள். டின்னைச் சமையல் மேடையில் சமமாக வைத்து, அளவுக் கப்பால் தண்ணீரை எண்ணி எண்ணி விளிம்பு வரை ஊற்றுங்கள். 12 அங்குல டின் 15¾ கப் அளவு பிடிக்கும். 8 அங்குல டின் ஏறத்தாழ 7 கப். சுவர் சற்றுச் சாய்ந்த டின்னாக இருந்தால் இதைவிடக் குறையும். அதனால்தான் புத்தகத்து அட்டவணையை நம்பாமல் உங்கள் டின்னை நீங்களே அளக்கச் சொல்கிறேன். அடித்தட்டு தனியாகக் கழலும் டின்னில் தண்ணீர் நிற்காது. அதில் அரிசியைக் கொட்டி அளக்கலாம். அளந்த தண்ணீரில் பாதிதான் நீங்கள் ஊற்ற வேண்டிய மாவு. மூன்றில் இரண்டு பங்கு வரை ஊற்றலாம் என்று சொல்பவர்களும் உண்டு. சிறிய டின்னுக்கு அது சரி. 12 அங்குலத்தில் அப்படி ஊற்றினால் ஓரம் வறண்டுபோகும் வரை நடு வேகாது. இட்லி மாவைக் கரைத்துவைக்கும் பாத்திரத்தை நீங்கள் விளிம்பு வரை நிரப்புவதில்லை அல்லவா? பொங்கி எழுவதற்கு இடம் விடும் அந்தக் கைப்பழக்கமே இங்கும் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்க அளவுக் கப் ஏறத்தாழ 237 மில்லிலிட்டர் பிடிக்கும். ரைஸ் குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லிலிட்டர்தான். அம்மாக்கள் சமையலறைக்குள் நுழைந்ததும் கைக்கு முதலில் அகப்படுவது அந்தக் கப்தான் என்பது எனக்குத் தெரியும். டின்னை ஒரு கப்பாலும் மாவை வேறொரு கப்பாலும் அளந்தால் கணக்கு மொத்தமும் குலைந்துபோகும்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். 12 அங்குலத்தில் ஓர் அடுக்குக்கு 7¾ கப் வீதம் இரண்டு அடுக்குக்கு 15½ கப். 8 அங்குலத்தில் 3½ கப் வீதம் இரண்டுக்கு 7 கப். மொத்தம் 22½ கப். பெட்டிக்கு 4¼ முதல் 4½ கப் என்று வகுத்தால் ஐந்து பெட்டியும் சொச்சமும் வரும். ஐந்து பெட்டி வாங்கி, மாவைக் கொஞ்சம் இழுத்துப்பிடித்து ஊற்றிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். காகிதத்தில் அது சரிதான். ஆனால், அடுப்பு வேறு கணக்குப் போடும்.

வீட்டு அவனில் (oven) 12 அங்குல டின் இரண்டை ஒரே தட்டில், சுற்றிலும் காற்று ஓட இடம்விட்டு வைக்க முடியாது. ஒன்று வெந்து வெளியே வந்த பிறகே அடுத்ததை வைக்க முடியும். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடனேயே வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், ஐந்து பெட்டியையும் ஒரே நேரத்தில் கரைத்து வைத்தால் கடைசியாக உள்ளே போகும் மாவு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக்கிடந்து, தன் காற்றில் ஒரு பகுதியை இழந்திருக்கும். வீட்டு மிக்ஸரின் கிண்ணமும் இரண்டு பெட்டிக்கு மேல் தாங்காது. மூன்றாவதைக் கொட்டினால் அடியில் தூள் கட்டிகட்டியாக நின்றுவிடும், மேலே தெறிக்கும். எனவே, ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு பெட்டியாகக் கரையுங்கள். முதல் இரண்டில் ஏறத்தாழ 8¾ கப் கிடைக்கும். 7¾ கப் டின்னுக்குப் போக ஒரு கப் மிஞ்சும். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் இரண்டு 8 அங்குல டின்னுக்கும் 7 கப் போக ஒன்றரைக் கப்புக்கு மேல் மிஞ்சும். ஆக, ஆறு பெட்டி வாங்குங்கள்.

மிஞ்சிய மாவு வீணாகாது. ஒரு கப்கேக்குக்கு மூன்று மேசைக்கரண்டி மாவு பிடிக்கும்; மூன்று சுற்றிலும் மிஞ்சுவதைச் சேர்த்தால் பதினெட்டுக் கப்கேக் வரை வரும். இவற்றை உபரி என்று நினைக்க வேண்டாம். இரண்டடுக்கு 12 அங்குலக் கேக்கை, அமெரிக்காவில் திருமண விருந்துகளில் வெட்டுவதுபோல் ஓர் அங்குலத்துக்கு இரண்டு அங்குலத் துண்டாக வெட்டினால் 56 துண்டு வரும். 8 அங்குலக் கேக்கில் 24. மொத்தம் சரியாக 80. நம் வீட்டு விசேஷத்துக்கு எண்பது பேரை அழைத்தால் எண்பது பேர்தான் வருவார்கள் என்று நீங்களும் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். தவிர, அந்தத் துண்டு நான்கு அங்குல உயரமாக இருந்தாலும் அகலத்தில் மெல்லியது. சாப்பாடு முடிந்த பிறகு கொடுக்கத்தான் ஏற்றது. குழந்தைகளின் கையில் கப்கேக்கைக் கொடுத்துவிட்டால் பெரிய கேக்கில் கை வைக்காமல் பதினெட்டுப் பேரைச் சமாளித்துவிடலாம்.

மேலும் இரண்டு குறிப்புகள். கப்பைவிடத் தராசு நம்பகமானது. 432 கிராம் மிக்ஸ், ஒரு கப் தண்ணீர் 240 கிராம், அரைக் கப் எண்ணெய் 110 கிராம், ஓடு நீக்கிய பெரிய முட்டை மூன்றும் 150 கிராம் என்று கூட்டினால் ஒரு பெட்டியின் மாவு ஏறத்தாழ 930 கிராம். அதிக நேரம் அடித்தால் காற்று ஏறிக் கப் கணக்கு கூடும். குறைவாக அடித்தால் குறையும். எடை மட்டும் மாறுவதே இல்லை. இரண்டு 8 அங்குல டின்னும் சமமாக வர வேண்டுமானால் ஒவ்வொன்றையும் தராசில் வைத்தே ஊற்றுங்கள். அடுத்தது, 12 அங்குல டின்னைப் பெட்டி சொல்லும் 350 டிகிரி பாரன்ஹீட்டில் வைக்காமல் 325-ல் வைத்து நிதானமாக வேகவிடுங்கள். நடுப்பகுதி வேக மறுக்கிறது என்றால், கிரீம் பூ பிழியப் பயன்படும் தட்டைத்தலை ஆணிக்கு எண்ணெய் தடவி, தலை கீழே, கூர் மேலே இருக்கும்படி டின்னின் நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி மாவை ஊற்றலாம். உலோகம் சூட்டை நடுவுக்குக் கொண்டுசெல்லும். ஆணி அடைக்கும் இடம் அற்பமானது. அதற்காக மாவைக் குறைக்க வேண்டாம். கேக்கைக் கவிழ்த்தவுடன் ஆணியை எடுத்துவிட மறக்காதீர்கள். முதல் துண்டு குழந்தையின் வாய்க்கல்லவா போகப்போகிறது.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் ஹூஸ்டனில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி எனக்கு ஒரு கேக் குறிப்பை அட்டையில் எழுதிக் கொடுத்தார். ‘வெள்ளைக் கேக் மிக்ஸ் ஒரு பெட்டி, மைதா ஒரு கப், சர்க்கரை ஒரு கப், சவர் கிரீம் (புளிக்கவைத்த பாலாடை) ஒரு கப்’ என்று தொடங்கும். அங்கிருந்தவரை அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. சமீபத்தில் உறவினர் கொண்டுவந்த பெட்டியில் அதைச் செய்தபோது மாவு நீர்த்துப்போய், டின்னும் நிரம்பவில்லை. என் கை மறந்துவிட்டதா, அட்டை தவறா?
— ஒரு வாசகி, சென்னை அண்ணா நகர்

பதில்: உங்கள் கையும் மறக்கவில்லை, அட்டையும் தவறவில்லை. பெட்டிதான் சிறுத்துவிட்டது. நீங்கள் ஹூஸ்டனில் இருந்த காலத்தில் பெட்டி கிராக்கர் (Betty Crocker), டங்கன் ஹைன்ஸ், பில்ஸ்பரி ஆகிய மூன்று பிராண்டுகளிலும் வழக்கமான கேக் மிக்ஸ் பெட்டி 18.25 அவுன்ஸ், அதாவது 517 கிராம். பிறகு அது படிப்படியாக 15.25 அவுன்ஸுக்கு இறங்கியது. இப்போது 13.25 அவுன்ஸ், அதாவது 375 கிராம் பெட்டியும் கடைக்கு வந்துவிட்டது. பெட்டியின் முகப்புப் படத்தில் கேக் அதே உயரத்தில்தான் நிற்கிறது. எடை, முகப்பின் அடிவிளிம்பில் சிறிய எழுத்தில் இருக்கிறது. ‘ஒரு பெட்டி’ என்பதை ஓர் அளவாக வைத்து எழுதப்பட்ட பழைய குறிப்புகள் எல்லாமே இந்த மாற்றத்தால் ஆட்டம் கண்டுவிட்டன. முட்டை, தண்ணீர், சவர் கிரீம் ஆகியவை அட்டையில் உள்ளபடியே விழ, தூள் மட்டும் 85 கிராம் குறைந்ததால்தான் உங்கள் மாவு நீர்த்துப்போனது.

இதற்கு மாற்று எளியது. இரண்டாவது பெட்டியைப் பிரித்து 85 கிராமை நிறுத்து எடுத்துச் சேர்த்துவிடுங்கள். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுத்த மூன்று நான்கு முறைக்கு வைத்துக்கொள்ளலாம். 375 கிராம் பெட்டியாக இருந்தால் சேர்க்க வேண்டியது 142 கிராம். அட்டையின் மூலையில் ‘517 கிராம்’ என்று இன்றே எழுதிவிடுங்கள்; நாளை அந்த அட்டை உங்கள் மகள் கைக்குப் போகும்போது பெட்டி இன்னும் சிறுத்திருக்கலாம்.

அந்தக் குறிப்பு அமெரிக்காவில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர்கள் பலருக்கும் பாடம். மைதாவும் சர்க்கரையும் சவர் கிரீமும் சேர்வதால் ஒரு பெட்டியிலிருந்து 4½ கப்புக்குப் பதிலாக 6 முதல் 7 கப் வரை மாவு கிடைக்கும். கேக்கும் இறுக்கமாக நின்று, மேலடுக்கின் பாரத்தைத் தாங்கும். பெரிய கேக்குக்குப் பெட்டி கணக்குப் போடும்போது, நேர் மிக்ஸா, இப்படி நீட்டியதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எடிசன் வாசகியின் 22½ கப்புக்கு, நீட்டிய குறிப்பில் நான்கு பெட்டியே போதுமானதாக இருக்கும். சென்னையில் சவர் கிரீமுக்கு அலைய வேண்டாம். புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்த பிறகு ஒரு கப் அளந்து சேருங்கள். வடிக்காத தயிரைச் சேர்த்தால் மறுபடியும் நீர்த்த மாவுக் கதைதான்.

கேள்வி: வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். முட்டையில்லாத வெனிலா பிரீமிக்ஸை 5 கிலோ பையாக வாங்குகிறேன். வாடிக்கையாளர்கள் ‘மூன்று கிலோ கேக்’ என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாகக் கரைத்து, ஒன்று அதிகமாகிவிடுகிறது, இல்லாவிட்டால் பத்தாமல் போய்விடுகிறது. கணக்கு என்ன?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அமெரிக்காவில் எத்தனை பேருக்கு என்று கேட்டுக் கேக் வாங்குவார்கள், நாம் எத்தனை கிலோ என்று கேட்கிறோம். உங்களுக்கு அது வசதிதான். கப் கணக்கே வேண்டாம், எல்லாவற்றையும் எடையிலேயே முடித்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, பின்னாலிருந்து முன்னால் நடக்க வேண்டும்.

மூன்று கிலோ என்பது கிரீம், சர்க்கரைப் பாகு, பழம் எல்லாம் சேர்ந்த எடை. அதில் கேக் எவ்வளவு, கிரீம் எவ்வளவு என்பது உங்கள் கைப்பழக்கம். ஒரு கேக்கை முழுமையாக அலங்கரித்து, அதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு ஒருமுறை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேண்டியது ஒன்றரைக் கிலோ கேக். மேடான தலையைச் சீவி எறிவதற்கும் உதிர்வதற்கும் 150 கிராம் கூட்டினால், அவனிலிருந்து 1,650 கிராம் கேக் வெளியே வர வேண்டும். வேகும்போது மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் ஆவியாகிவிடும். ஆகவே, டின்னில் ஊற்ற வேண்டிய மாவு ஏறத்தாழ 1,830 கிராம்.

அடுத்து உங்கள் பையைப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு விகிதம் சொல்லும். உதாரணத்துக்கு, ஒரு கிலோ மிக்ஸுக்கு அரை லிட்டர் தண்ணீர், 100 மில்லிலிட்டர் எண்ணெய் என்று போட்டிருந்தால், எண்ணெய் தண்ணீரைவிட லேசானது என்பதால் 90 கிராம் என்று வைத்து, மொத்த மாவு 1,590 கிராம். 1,830-ஐ 1,590-ஆல் வகுத்தால் 1.15. அதாவது மிக்ஸ் 1,150 கிராம், தண்ணீர் 575, எண்ணெய் 104 கிராம். உங்கள் பையில் வேறு விகிதம் இருந்தால் அந்த எண்களை இட்டு இதே வழியில் போய்விடுங்கள். கிண்ணத்திலும் கரண்டியிலும் ஒட்டிக்கொண்டு போவதும் உண்டு. சிலிக்கான் கரண்டியால் வழித்து எடுத்தாலும் முப்பது, நாற்பது கிராம் போகத்தான் செய்யும். நான் கேக் வியாபாரம் தொடங்கிய புதிதில் இந்த முப்பது கிராமைப் பற்றிச் சிரித்திருக்கிறேன். பத்து கேக்குக்கு அது ஒரு சிறிய கேக்கின் மாவு.

இன்னொன்று: எடை சரியாக இருந்தாலும் டின் பொருந்த வேண்டும். எவ்வளவு மாவை எந்த டின்னில் ஊற்றுவது என்பதற்கு மட்டும் மேலே சொன்ன தண்ணீர் அளவைச் செய்து, ஒவ்வொரு டின்னின் அடியிலும் அழியாத பேனாவால் அதன் பாதிக் கொள்ளளவை எழுதிவையுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். செய்யாத காலத்தில், ஒரு கிறிஸ்துமஸ் ஆர்டருக்காக 10 அங்குலச் சதுர டின்னை முக்கால் பங்கு நிரப்பிவிட்டு, மாவு பொங்கி வழிந்து அவனின் அடிக்கம்பியில் கருகி, வீடு முழுக்கப் புகை மண்டிய நடு இரவு ஒன்று எனக்கும் உண்டு. வட்ட டின்னுக்கு ஊற்றும் அளவையே சதுர டின்னுக்கும் ஊற்றலாம் என்று நினைத்திருந்தால்கூட அன்று தப்பித்திருப்பேன். சதுரம்தானே, இடம் நிறைய இருக்கும் என்று நானாக அள்ளி ஊற்றியதில் வந்த வினை. உண்மையில் 10 அங்குலச் சதுரம், 10 அங்குல வட்டத்தைவிடக் கால் பங்கு அளவுக்குத்தான் கூடப் பிடிக்கும்.

கேள்வி: ‘1’ என்ற எண் வடிவ டின் வாங்கியிருக்கிறேன். அதற்கு எந்தச் சூத்திரம்?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: சூத்திரம் எதுவும் வேண்டாம். தண்ணீர் அல்லது அரிசியால் அளந்து, அதில் பாதியை ஊற்றுங்கள். மூலைகளில் மாவு தானாகப் போய்ச் சேராது, கரண்டியால் தள்ளிவிடுங்கள். பொம்மை முகம், கார் போன்ற மேடு பள்ளமான டின்னுக்கும் இதே வழிதான். ஆழமான இடத்தில் பாதியைத் தாண்டினாலும் மொத்தக் கணக்கு பாதியாக இருந்தால் போதும்.

கேள்வி: டல்லஸில் கணவரின் அலுவலக விருந்துக்கு ‘ஹாஃப் ஷீட்’ கேக் செய்து தரச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது 9-க்கு 13 அங்குல டின் மட்டும்தான். அதைப்போல் இரண்டு மடங்கு கரைத்தால் சரியாக வருமா?
— ஒரு வாசகி, டல்லஸ், டெக்சஸ்

பதில்: அமெரிக்கக் கடைகளில் 9-க்கு 13 அங்குலக் கேக்கை ‘குவார்ட்டர் ஷீட்’ என்றும், 12-க்கு 18 அங்குலக் கேக்கை ‘ஹாஃப் ஷீட்’ என்றும் சொல்வார்கள். பரப்பைப் பெருக்கினால் முன்னது 117, பின்னது 216. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால், எடிசன் வாசகிக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். 9-க்கு 13 டின் விளிம்பு வரை 16 கப் பிடிக்கும். பெட்டி அதில் 4½ கப்பைத்தான் ஊற்றச் சொல்கிறது. இரண்டு அங்குல உயரமுள்ள ஹாஃப் ஷீட்டுக்கு 15 கப் மாவு வேண்டும். நான்கு பெட்டி வாங்கி, மூன்றரைப் பெட்டியின் மாவை ஊற்றுங்கள். இரண்டுக்கு இரண்டு அங்குலமாக வெட்டினால் 54 துண்டு. வாங்குவதற்கு முன் அவனின் உள்ளளவை ஒருமுறை அளந்துவிடுங்கள். 18 அங்குல டின் உள்ளே போனாலும், கதவு மூடுகிறதா என்பது வேறு கேள்வி.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பிய கேக் மிக்ஸை, பெட்டியில் சொன்னபடியே அளந்து, 8 அங்குல டின்னில் பாதிதான் ஊற்றினேன். அப்படியும் வழிந்து, பிறகு நடுவில் குழி விழுந்துவிட்டது. அக்கா வீட்டில் இதே பெட்டி அழகாக வருகிறது.
— ஒரு வாசகி, ஊட்டி

பதில்: நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், அதாவது 7,300 அடிக்கு மேல். அமெரிக்காவில் ‘ஒரு மைல் உயர நகரம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் டென்வரே 5,280 அடிதான். பெட்டியின் ஓரத்தில் ‘உயரமான இடங்களுக்கு’ என்று சிறியதாக ஒரு குறிப்பு இருக்கும். அதுவும் பெரும்பாலும் 3,500 முதல் 6,500 அடி வரை உள்ள ஊர்களுக்கு. நீங்கள் அந்த வரம்புக்கும் மேலே குடியிருக்கிறீர்கள்.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மாவுக்குள் உருவாகும் காற்றுக் குமிழிகள் அங்கே சுலபமாக ஊதிப் பெருகும். முட்டையும் மைதாவும் வெந்து இறுகுவதற்கு முன்பே மாவு விளிம்பைத் தாண்டிவிடும். தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாததால் பிறகு நடுவில் அமுங்கிவிடும். தண்ணீரும் உங்கள் ஊரில் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் ஈரம் சீக்கிரம் போய்விடும். உங்கள் குக்கரில் பருப்பு வேக ஏன் கூடுதல் நேரம் ஆகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சொந்தமாக மைதா அளந்து செய்பவர்கள் பேக்கிங் பவுடரைக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டி மிக்ஸில் அது முன்பே கலந்திருக்கிறது; எடுக்க வழியில்லை. அதனால்தான் பெட்டி பெரும்பாலும் மைதாவும் தண்ணீரும் சில மேசைக்கரண்டி கூட்டச் சொல்கிறது. அந்தக் குறிப்பில் உள்ள அளவை அப்படியே பின்பற்றுங்கள். அவனின் சூட்டைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து. மாவின் மொத்த அளவு இதனால் சற்றுக் கூடும், ஆனால் டின்னில் ஊற்ற வேண்டிய அளவு குறையும். சமவெளியில் 3½ கப் ஊற்றும் 8 அங்குல டின்னில் நீங்கள் 3 கப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல்முறை டின்னுக்கு அடியில் ஒரு தட்டை வைத்து, எங்கே வந்து நிற்கிறது என்று கவனித்து, அடுத்த முறை கால் கப் கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவு செய்யலாம். பெரிய கேக்குக்குப் பெட்டி கணக்கும் இதனால் உங்களுக்கு மாறும். எடிசன் வாசகிக்கு ஆறு பெட்டி பிடிக்கும் அதே டின்களை நீங்கள் ஐந்து பெட்டியில் முடித்துவிடலாம். அக்காவிடம் அடுத்த பார்சலுக்குச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். கூடவே, பெட்டியின் எடை எத்தனை அவுன்ஸ் என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.